பட்டமும் படைப்பும்: நா. பார்த்தசாரதியின் பிற்காலக் கல்வி

படைப்பாளிக்குப் பட்டம் வேண்டுமா என்னும் வினா தமிழுலகில் பல்லாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. வேண்டா என்று விடை பகர்வோர் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு வெளியேறிய ஜெயகாந்தன், 2002ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்றார். இடைசெவல் கரிசல் காட்டிலே உழவராய் வாழ்ந்த கி. ராஜநாராயணன், கல்லூரி வாயிலை மாணவராக மிதித்தவர் அல்லர். எனினும் 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைத் தேடி அழைத்துப் பேராசிரியர் இருக்கையில் அமர்த்தியது. 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தோன்றிய அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் நம் அந்தமான் நிகோபார் தீவுகளும் சேர்க்கப்பெற்றன. ஆதலால் கி. ரா. பெற்ற அச்சிறப்பில் நமக்கும் ஓர் உறவு உண்டு.

எழுத்தாற்றல் பட்டத்தால் வருவதன்று என்பது இவ்விரு சான்றுகளாலேயே தெளிவாகும். இதனை ஐயத்துக்கிடமின்றி ஒப்புக்கொண்ட பின்னர்தான் நாம் எடுத்துக்கொண்ட வினா தொடங்குகிறது. எழுதிப் புகழ்பெற்று, பரிசும் பெற்று, தமக்கென ஒரு வாசகர் கூட்டத்தையும் தேடிக்கொண்ட ஒருவர், வாழ்வின் பிற்பகுதியில் மீண்டும் மாணவராகிப் பாடம் படிப்பாரானால், அக்கல்வி அவர் எழுத்துக்கு என்ன செய்கிறது? அதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன? இவ்வினாவை ஆராய்வதற்குத் 'தீபம்' நா. பார்த்தசாரதியின் வாழ்வையும் எழுத்தையும்விடப் பொருத்தமான களம் தமிழில் இல்லை என்பது நம் கருத்து.

பண்டிதரும் பட்டதாரியும்

நா. பா. 1932ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள், அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்து நதிக்குடியில் பிறந்தார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியே பண்டிதர் பட்டம் பெற்று, முன்னொரு காலத்தில் பாரதியார் பணிபுரிந்த மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தாமும் தமிழாசிரியரானார். பின்னர் சென்னைக்கு வந்து 'கல்கி' இதழில் அமர்ந்தார். 'மணிவண்ணன்' என்னும் புனைபெயரில் அவ்விதழில் அவர் எழுதிய 'குறிஞ்சி மலர்' தமிழ்நாட்டு வீடுகளிலெல்லாம் புகுந்தது. அக்கதையின் தலைமக்களாகிய அரவிந்தன், பூரணி என்னும் பெயர்களைப் பெற்றோர் தம் குழந்தைகளுக்குச் சூட்டி மகிழ்ந்தனர். 1965இல் 'தீபம்' என்னும் இலக்கியத் திங்களிதழைத் தொடங்கித் தம் இறுதிவரை நடத்தினார். 'சமுதாய வீதி' நாவலுக்காக 1971இல் சாகித்திய அக்காதெமி பரிசு அவரை அடைந்தது.

இவ்வளவும் பெற்ற பின்னர், நாற்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், அவர் முறையான பட்டப் படிப்பை மேற்கொண்டார். முதுகலையும் முடித்தார். அதனோடு நில்லாமல் முனைவர் பட்டத்துக்கென ஆய்வில் இறங்கினார். 'பழந்தமிழர் கட்டடக்கலையும் நகரமைப்பும்' என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஆய்வேட்டை எழுதி முடித்தார். பட்டம் கைக்கு வருமுன் 1987ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் மறைந்தார். ஐம்பத்தைந்து வயது நிறைவதற்கு இன்னும் ஐந்து நாள்கள் இருந்தன.

பண்டிதர் என்னும் பட்டம் இருக்க இன்னொரு பட்டம் எதற்கு என்று இன்றைய இளைஞர் கேட்கக்கூடும். அக்காலத்து நிலையை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. பண்டிதர், வித்துவான், புலவர் என்னும் தகுதிகள் தமிழ்ப் புலமைக்குச் சான்று தந்தனவேயன்றி, கல்வித் துறையின் ஏணியில் மேலேறுவதற்குப் படி தரவில்லை. இலக்கணக் கடலைக் கரைத்துக் குடித்த தமிழாசிரியரைவிட, ஆங்கிலவழிப் பட்டம் பெற்றவர்க்கு ஊதியமும் மதிப்பும் மிகுந்திருந்தன. இக்குறை ஒரு தலைமுறைத் தமிழாசிரியர்களின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. நா. பா. பள்ளியை விட்டு நெடுங்காலம் ஆகியிருந்ததால், பதவி உயர்வுக்காக அவர் படித்தார் என்று கூற இடமில்லை. ஆயினும், தாம் பெற்ற தமிழ்க் கல்வி எந்தத் தராசிலும் குறைந்ததன்று என்று நிறுத்துக் காட்டும் வேட்கை அத்தலைமுறைக்கு இயல்பாகவே இருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

நாவல்களில் கல்வி பெறும் இடம்

ஓர் எழுத்தாளர் ஏன் ஒரு செயலைச் செய்தார் என்பதை அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் தேடுவதைவிட அவர் படைப்புகளில் தேடுவதே திறனாய்வுக்குத் தக்கது. அவ்வாறு தேடும்போது, நா. பா.வின் நாவல்கள் பெரும்பாலும் கல்வியையே அச்சாகக் கொண்டு சுழல்வதைக் காண்கிறோம்.

'குறிஞ்சி மல'ரின் பூரணி ஒரு தமிழ்ப் பேராசிரியரின் மகள். தந்தை விட்டுச் சென்ற செல்வம் நூல்களும் நேர்மையுமே. வறுமை வாயிலில் வந்து நிற்கும்போதும், அத்தந்தையின் கல்வி அவளைத் தலை நிமிரச் செய்கிறது. அரவிந்தனோ அச்சகத்தில் உழைப்பவன். நாள் முழுதும் பிறர் எழுத்தை அச்சேற்றும் வேலை. தன் எழுத்தோ நாட்குறிப்பின் பக்கங்களில். பிழைப்புக்கு ஒரு தொழில், நெஞ்சுக்கு ஓர் எழுத்து என்று வாழும் இவ்விளைஞனை நம் தீவுகளில் வாழும் தமிழர் எவரும் எளிதில் அடையாளம் கண்டுகொள்வர்.

'பொன் விலங்'கின் சத்தியமூர்த்தி கற்றுத் தேர்ந்து கல்லூரி விரிவுரையாளனாக மல்லிகைப் பந்தல் என்னும் மலையூருக்குச் செல்கிறான். தான் பெற்ற பட்டம் தனக்கு வேலை தருவது போலவே, வேலை தந்தவர்களுக்குத் தன்னைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது என்பதை அவன் அங்கே உணர்கிறான். விலங்கு பொன்னால் ஆனது என்பதற்காக அது விலங்கு இல்லையாகிவிடுமா என்பதே அந்நாவலின் வினா. பட்டத்தை ஆசிரியர் வணங்கவுமில்லை, இகழவுமில்லை. அது மனிதனுக்குச் செய்வதையும் மனிதன் அதைக்கொண்டு செய்வதையும் ஆராய்கிறார்.

'சமுதாய வீதி'யின் முத்துக்குமரன் நாடகக் குழுவிலே வளர்ந்த கவிஞன். கல்லூரி அறியாதவன், எனினும் தன் தமிழின் தகுதியை நன்கறிந்தவன். திரைப்பட நடிகனாகிச் செல்வம் குவித்த பழைய நண்பன் கோபாலின் நாடகத்துக்கு எழுத வருகிறான். மலேசியத் தமிழரிடையே நாடகம் நடத்தப் பினாங்குக்கும் செல்கிறான். செல்வமும் செல்வாக்கும் அவனைச் சிறியவனாக்க முயலுந்தோறும் அவன் கவித்துவச் செருக்கு தலை தூக்குகிறது. பட்டம் பெறாதவனின் தன்மானத்தை இவ்வளவு உயர்த்திப் பாடிய ஆசிரியர், பட்டமில்லாமையைக் குறையாகக் கருதித் தாழ்வு மனத்தோடு கல்லூரிக்குச் சென்றிருப்பார் என்று கொள்ள முடியாது.

தகுதியின்றி வரும் பட்டம்

இவ்விடத்தில் 'சத்திய வெள்ளம்' என்னும் நாவலைத் தனியே எடுத்து நோக்குதல் வேண்டும். அதுவும் மல்லிகைப் பந்தலில் நிகழும் கதையே. அங்குள்ள பல்கலைக்கழகம் ஓர் அமைச்சருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்க முற்படுகிறது; மாணவர்கள் எதிர்த்து எழுகின்றனர். அரசியல் செல்வாக்கு கல்விக் கூடத்துக்குள் நுழையும்போது, நேர்மையோடு படிக்கும் மாணவன் அவமதிக்கப்படுகிறான் என்பதே அவ்வெதிர்ப்பின் உள்ளுறை.

நாவல் என்னும் வகையில் 'சத்திய வெள்ளம்' குறையற்றதன்று. நல்லவர் முற்றிலும் நல்லவராகவும் தீயவர் முற்றிலும் தீயவராகவும் பிரிந்து நிற்கின்றனர். மாணவர் பேச்சிலும் மேடைச் சொற்பொழிவின் ஓசை மிகுதியாகக் கேட்கிறது. ஆனால் அதன் நடுவேயுள்ள சினம் உண்மையானது. உழையாமல் பெறும் பட்டத்தின்மீது அச்சினம் பாய்கிறது.

இந்நாவலை எழுதியவர் பின்னாளில் என்ன செய்தார் என்பதை நினைத்துப் பார்த்தால், படைப்பும் வாழ்வும் ஒன்றையொன்று தொடும் இடம் நமக்குப் புலனாகும். அக்காதெமிப் பரிசு பெற்றவர், இதழாசிரியர், நாடறிந்த நாவலாசிரியர். மேடையில் பொன்னாடை போர்த்திப் பட்டம் சூட்டும் வழக்கம் மலிந்த நாட்டில், அவர் சற்றே காத்திருந்தாலும் ஏதேனும் ஒரு சிறப்புப் பட்டம் தேடி வந்திருக்கக்கூடும். அவர் காத்திருக்கவில்லை. படித்து, தேர்வெழுதி, ஆய்வேடு எழுதும் நேர் வழியைத் தேர்ந்தார். தம் நாவலில் மாணவர் வாயிலாகப் பேசிய அறத்தை, நடு வயதில் தாமே மாணவராகிக் கடைப்பிடித்தார் எனலாம். எழுதியதற்கு வாழ்வால் சான்று தருவது எழுத்தாளர் பலர்க்கும் கைவராத செயல்.

ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடியதாகப் புறநானூற்றில் வரும் பாட்டைப் பெரும்பாலும் இளையோர்க்கு அறிவுரையாகவே நாம் சொல்லி வருகிறோம். ஆசிரியர்க்கு உதவியும் பொருள் கொடுத்தும் பணிந்தும் கற்க வேண்டும் என்பதோடு, ஒரு குடியில் மூத்தவனை விடுத்து அறிவுடைய இளையவன் வழியே அரசும் செல்லும் என்றும் அப்பாட்டு கூறுகிறது. வயதுக்கு வரும் மரியாதையை அறிவுக்கு மாற்றி வைக்கும் இக்கொள்கை, முதியவர்க்கே கடினமான பாடம். தம்மினும் இளைய பேராசிரியர் வினவ, தாம் எழுந்து விடை கூறும் பணிவு வேண்டும். தமிழுலகம் கொண்டாடிய ஒருவர் அப்பணிவை விரும்பி ஏற்றார்.

கற்பனை நகரும் கல் நகரும்

இனி ஆய்வுப் பொருளுக்கு வருவோம். நா. பா. தம் காலத்து நாவலைப் பற்றியோ இதழியலைப் பற்றியோ ஆய்வு செய்திருக்கலாம். அவருக்கு அது மிக எளிது. அவர் பழந்தமிழரின் கட்டடக்கலையையும் நகரமைப்பையும் எடுத்தார். ஏன் என்பதை அவருடைய வரலாற்று நாவல்கள் விளக்குகின்றன.

'மணிபல்லவம்' பூம்புகாரின் இந்திர விழாக் கூட்டத்தில் தொடங்குகிறது. 'கபாடபுரம்' கடல் கொண்டதாகக் கூறப்படும் பாண்டியர் தலைநகரையே கதைக்களமாக்குகிறது. 'வஞ்சிமா நகரம்' சேரர் தலைநகரின் பெயரையே தாங்கி நிற்கிறது. நகரங்களை எழுத்தில் கட்டுவதே இவ்வரலாற்று நாவலாசிரியரின் தனி விருப்பமாக இருந்தது. ஆனால் எவ்வாறு கட்டினார்? பெரும்பாலும் அடைமொழிகளால் கட்டினார். அவருடைய நகரங்களில் எந்நாளும் விழா, எத்தெருவிலும் மலர் மணம், மாடங்களில் விளக்கொளி. படிப்போர் நெஞ்சு நிறைகிறது. சுவர் எதனால் ஆனது, மழை நீர் எவ்வழியே வெளியேறியது, தெரு எத்தனை பேர் நடக்க இடம் தந்தது என்று கேட்டால் நாவல்கள் விடை கூறா. தொடர்கதை வாசகர் அவ்வினாக்களைக் கேட்கவுமில்லை.

ஆய்வேட்டில் அவ்வினாக்களைத் தவிர்க்க இயலாது. இப்பொருளை எடுத்துக்கொண்ட எவரும் முதலில் நெடுநல்வாடையின் முன் நிற்க வேண்டும். நிழலின் போக்கைக் கோல் நட்டு நோக்கித் திசை அறிந்து, நூலிட்டு அளந்து, அதன்பின் அரண்மனை வகுத்த செய்தியை நக்கீரர் அங்கே தருகிறார். மதுரைக்காஞ்சி ஆறு போல் அகன்ற தெருக்களையும், பகலில் கூடும் நாளங்காடியையும் இரவில் கூடும் அல்லங்காடியையும் காட்டுகிறது. பரிபாடல் மதுரையைத் தாமரைப் பூவுக்கும் தெருக்களை அதன் இதழ்களுக்கும் ஒப்பிடுகிறது. சிலப்பதிகாரம் பூம்புகாரை மருவூர்ப்பாக்கம் என்றும் பட்டினப்பாக்கம் என்றும் பிரித்து, இடையே அங்காடியை அமைத்துக் காட்டுகிறது. இவற்றுள் எது புலவரின் உவமை, எது கண்டு கூறிய செய்தி என்று பிரித்தறிவதே ஆய்வாளன் வேலை. நாவலாசிரியர்க்கு உவமையே போதும். ஆய்வாளர்க்கு உவமைக்குப் பின்னேயுள்ள செங்கல்லும் வேண்டும்.

நா. பா.வின் பிற்காலக் கல்வியின் பொருள் இங்கேதான் விளங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் எந்த நகரங்களை அவர் கற்பனையில் கட்டினாரோ, அவற்றின் அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்கவே அவர் மாணவரானார் என்று நாம் கொள்கிறோம். அவர் தம் ஆய்வைப் படைப்புக்கு அயலான ஒரு துறையில் செய்யவில்லை. தம் படைப்பின் மிக மெலிந்த இடம் எதுவோ, அதையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். ஒரு கலைஞன் தன் குறையை அறிந்து, அதனைக் களைய ஒழுங்கான உழைப்பை மேற்கொள்வதற்கு இதனினும் நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அவர் எடுத்த பொருளின் அருமையைக் காலம் மேலும் உயர்த்தியுள்ளது. 1960களில் நடந்த அகழாய்வில் காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் செங்கல்லால் கட்டப்பெற்ற படகுத்துறை வெளிப்பட்டது. 2015 முதல் மதுரையை அடுத்த கீழடியில் செங்கற் கட்டுமானங்களும் உறைகிணறுகளும் வடிகால்களும் மண்ணிலிருந்து எழுந்து வந்தன. தமிழ்ச் சிறுவர்களும் இன்று பழந்தமிழர் நகரமைப்பைப் பற்றிப் பேசுகின்றனர். கீழடியைக் காணாமலே, இலக்கியச் சான்றுகளைத் துணைக்கொண்டு அவ்வினாவை எழுப்பியோருள் நா. பா.வும் ஒருவர். அவ்வாய்வேடு நூலாகவும் நமக்குக் கிடைக்கிறது. 'மணிபல்லவ'த்தையும் அதனையும் அடுத்தடுத்துப் படிப்போர், ஒரே மனிதரின் இரு கைகளை ஒருங்கே காண்பர்.

'மணிபல்லவ'த்திலேயே இதற்கு ஒரு முன்னறிவிப்பும் இருக்கிறது. அதன் தலைவன் இளங்குமரன் முதலில் தோள் வலிமையால் பெருமிதம் கொண்டவன். பூம்புகார் வீதிகளில் அவனை வெல்வார் இல்லை. அவ்வெற்றியில் நிறைவு காணாமல், ஒரு கட்டத்தில் திருநாங்கூர் அடிகளிடம் மாணவனாகச் சென்று சுவடிகளைக் கற்கிறான். பின்னர் சொற்போரில் இறங்குகிறான். கைவந்த வெற்றியை விடுத்துக் கைவராத அறிவை நாடிச் செல்லும் இப்பாத்திரத்தைப் படைத்தவர், பிற்காலத்தில் அப்பாத்திரத்தின் வழியிலேயே சென்றார்.

இழப்புக் கணக்கு

புகழுரையோடு நிறுத்திக்கொள்வது திறனாய்வாகாது. நா. பா. இக்கல்விக்குக் கொடுத்த விலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர்க்குக் கிடைத்த காலம் குறுகியது. நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட பத்தாண்டுகள் ஒரு நாவலாசிரியனுக்கு முதிர்ந்த விளைச்சல் தரும் பருவம். அப்பருவத்தில் 'தீபம்' இதழின் சுமையும் அவர் தோளில் இருந்தது. விளம்பரச் செல்வாக்கில்லாத ஓர் இலக்கிய இதழைத் திங்கள்தோறும் கொண்டு வருவது எத்தகைய உழைப்பு என்பதை, ஆண்டுக்கொரு மலர் வெளியிடவே அல்லற்படும் நம் சங்கத்தார் நன்கறிவர். இவற்றுக்கிடையே பாடமும் தேர்வும் ஆய்வும் புகுந்தன. ஆய்வில் செலவான நாள்கள் நாவலுக்குக் கிடைக்கவில்லை என்பது வெளிப்படை.

மேலும், ஆய்வினால் பெற்ற அறிவு அவர் நாவலில் விளைந்து நாம் கண்டோமில்லை. செங்கல்லும் அகழியும் அளவும் அறிந்த கையால், அடைமொழி குறைந்த, தரையில் கால் பதித்த ஒரு வரலாற்று நாவல் பிறந்திருக்குமானால், தமிழ் வரலாற்றுப் புனைகதை வேறொரு திசையில் திரும்பியிருக்கக்கூடும். காலன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆய்வேடு நிறைவுற்றது, அதன் கனியாக வேண்டிய நாவல் எழுதப்படாமலே நின்றுவிட்டது.

இவ்விடத்தில் மு. வரதராசனாரை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். தாலுகா அலுவலகத்தில் எழுத்தராகப் பணியைத் தொடங்கி, உடல்நலம் குன்றி அதனை விட்டவர் மு. வ. அவரும் கல்லூரியில் அமர்ந்து கற்கும் வாய்ப்பைப் பெறாதவரே. தாமே முயன்று படித்து 1935இல் வித்துவான் தேர்வில் வென்றார், 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல்., 1948இல் டாக்டர் என்று ஒவ்வொரு படியாக ஏறினார். சங்க இலக்கியத்தில் இயற்கை என்பது அவர் ஆய்வுப் பொருள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கெனத் டாக்டர் பட்டம் பெற்ற முதல்வர் என்று போற்றப்படும் அவர், அந்நாற்பதுகளிலேயே நாவலும் எழுதத் தொடங்கிவிட்டார். 'அகல் விளக்கு' 1961இல் அக்காதெமிப் பரிசைப் பெற்றது. முப்பத்தாறாம் வயதில் ஆய்வை முடித்த மு. வ.வுக்கு, அதன் பயனை நாவலிலும் கட்டுரையிலும் கடித இலக்கியத்திலும் செலவிட மேலும் இருபத்தாறு ஆண்டுகள் கிடைத்தன. நா. பா.வுக்கு அது கிடைக்கவில்லை. கல்வி கற்பதற்கு வயது வரம்பில்லை என்று நாம் எளிதாகக் கூறிவிடுகிறோம். கற்றதைச் செலவிடுவதற்குக் காலம் வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறுவதுதான் நேர்மை.

அங்ஙனமாயின் நா. பா. செய்தது பிழையா? அன்று என்பதே நம் முடிபு. முன்போலவே எழுதிச் சென்றிருந்தால், முன் எழுதியவை போன்ற இன்னும் சில நாவல்கள் நமக்குக் கிடைத்திருக்கும். வாசகர் வரவேற்றிருப்பர், தமிழுக்குப் புதிதாக ஒன்றும் சேர்ந்திராது. தம் வெற்றியையே திரும்பத் திரும்ப எழுதும் இடத்துக்கு வந்த எழுத்தாளன், நின்று தன் அடித்தளத்தைச் சோதிப்பது துணிவான செயல். விளைச்சலைக் காணாமல் அவர் மறைந்தது விதியின் கொடுமை, விதைத்ததில் குற்றமில்லை.

தீவில் வாழும் நமக்கு

இவ்வாராய்ச்சி நமக்கு எதற்கு என்று வினவலாம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் வாழ்வோருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாக உடையோர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய மூன்று நாள் கடற்பயணம் செய்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பலர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பயனாக இலங்கையிலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்தோரும் உளர். இப்படி வந்தவர்களில் பலர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். உடன்பிறந்தார்க்குப் பணம் அனுப்பவும், மக்களைப் படிக்க வைக்கவும் தம் கல்வியை ஒத்தி வைத்தவர்கள். இவர்களுள் கவிதை எழுதுவோரும் சிறுகதை எழுதுவோரும் நாடகம் எழுதி மேடையேற்றுவோரும் இருக்கின்றனர். இம்மலரின் பக்கங்களே அதற்குச் சான்று.

இத்தகையோர் நாற்பதிலோ ஐம்பதிலோ பட்டப் படிப்பில் சேர எண்ணினால், இரு வகைக் குரல்கள் எழுகின்றன. இந்த வயதில் படித்து எந்த வேலைக்குப் போகப் போகிறாய் என்பது ஒன்று. கவிஞனுக்குப் பட்டம் எதற்கு என்பது மற்றொன்று. இரண்டும் பட்டத்தை வெறும் காகிதமாகவே காண்கின்றன. நா. பா.வின் வாழ்வு இவ்விரண்டுக்கும் விடை கூறுகிறது. அவருக்கு அப்பட்டம் வேலை தரவில்லை. பெயருக்கு முன்னே எழுதிக்கொள்ளவும் கிடைக்கவில்லை. ஆயினும் அவர் ஓதிய பாடங்களும் எழுதிய ஏடும் அவருடையனவாகவே நின்றன.

தாய்நாட்டில் வாழும் எழுத்தாளனுக்கு நூலகம் அருகில் உண்டு. கூடிப் பேசும் நண்பர் குழு உண்டு. குறை சொல்லித் திருத்தும் மூத்தோர் உண்டு. கடல் சூழ்ந்த ஊரில் இம்மூன்றும் அரிது. இங்கே எழுதுபவன் தன் எழுத்தைத் தானே மெச்சிக்கொண்டு நின்றுவிடும் இடர் மிகுதி. ஒழுங்கான பாடத்திட்டம் அக்குறையை ஓரளவு நிரப்பும். சிலம்பை விரும்பிய பக்கத்தில் புரட்டிப் பார்ப்பது வேறு; புகார்க் காண்டம் தொடங்கி வஞ்சிக் காண்டம் முடியக் கற்றுத் தேர்வெழுதுவது வேறு. நமக்குப் பிடித்ததை மட்டும் படிக்கும் பழக்கத்தை அது உடைக்கும். அறிமுகமில்லாத ஒருவர் நம் விடைத்தாளைத் திருத்துவார் என்னும் அச்சம், சொல்லை எண்ணி எழுதும் பழக்கத்தையும் தரும்.

வாய்ப்புகளும் முன்னைப்போல் அரியன அல்ல. 1971இல் மதுரைப் பல்கலைக்கழகமும் 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கி, வேலை பார்ப்போர்க்கும் இல்லத்தரசியர்க்கும் கதவு திறந்தன. 1985இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் மண்டல மையம், போர்ட் பிளேயர் என நெடுங்காலம் வழங்கி 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நம் தலைநகரிலேயே இயங்குகிறது. கப்பலேறிச் சென்றால்தான் கல்வி என்றிருந்த காலம் போயிற்று.

இதில் நம் பிள்ளைகளின் பொருட்டும் ஒரு நன்மை உண்டு. தமிழ் படி என்று நாம் அவர்களுக்குச் சொல்கிறோம். பள்ளியிலும் கடைத்தெருவிலும் இந்தியையே கேட்டு வளரும் பிள்ளைக்கு அச்சொல் வெறும் கட்டளையாகவே ஒலிக்கும். அதே பிள்ளை, பணி முடித்து வந்த தந்தையோ அடுக்களை வேலை முடித்த தாயோ விளக்கடியில் அமர்ந்து நெடுநல்வாடைக்கு உரை படிப்பதைக் காணுமாயின், தமிழ் கற்கத் தக்க ஒன்று என்பதை யாரும் சொல்லாமலே உணரும்.

எழுதும் கை ஓயாமலும் கற்கும் கண் சோராமலும் இரண்டையும் ஒருங்கே நடத்துவது கடினம். நா. பா.வுக்கே அது முற்றிலும் கைகூடவில்லை. ஆதலின் தொடங்க எண்ணுவோர் காலம் தாழ்த்தாமல் தொடங்குதல் நன்று. தொடங்கியோர் தம் எழுத்தையும் கைவிடாதிருத்தல் அதனினும் நன்று. கற்றதைச் செலவிட்டு எழுதும் ஒரு தீவுத் தமிழரின் நாவலை, இனி வரும் மலர் ஒன்றில் மதிப்பிடும் பேறு நமக்கு வாய்க்கட்டும்.